பொன்னறையின் கீழ்வாய்

"சீக்கிரம் வா லாத்தா! புதையல் எனக்குக் கிடைச்சா உனக்குப் பங்கு கிடையாது!"

ரஹ்மத் பழைய கற்கட்டடத்தின் இருட்டுக்குள் பாய்ந்தாள். அக்கா ஷமீமா பின்னாலேயே ஓடினாள். "உள்ளே போகாதீங்க!" என்று கத்தியபடி சுற்றுலா வழிகாட்டி பெலிக்ஸும் நுழைந்தார். அவ்வளவுதான், மலைக்காற்று ஓங்கி அடித்தது. தடார்! கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

காலையில் அடிவாரத்துக் குடைவரைக் கோயில்கள், மதியம் கரடிக்குன்றின் உச்சியிலுள்ள பழைய கோட்டை நகரம். பயணத் திட்டம் அதுதான். குழுவில் மற்றவர்கள் அரண்மனைப் பக்கம் போய்விட்டார்கள். மூவரும் கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள். தடித்த சுவர்கள் குரலை விழுங்கின. கைப்பேசியில் சிக்னல் இல்லை.

"பொன்னறைன்னு கதை விட்டது நீங்கதானே அண்ணே?" என்றாள் ரஹ்மத்.

"சும்மா சொன்னா யாரு தங்கச்சி மலை ஏறுவா? இது வெறும் நெற்களஞ்சியம்."

ரஹ்மத் சிரிக்கப் போனாள். சிரிப்பு இருமலானது. காலடியில் கிளம்பிய புழுதி அவளுடைய ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டது. இன்ஹேலரோ அடிவாரத்தில், பேருந்தில்! மூச்சு விசிலடித்தது.

ஷமீமா தங்கையைச் சுவரோரம் நிமிர்த்தி உட்காரவைத்து, துப்பட்டாவால் மூக்கை மூடினாள். அண்ணாந்து பார்த்தாள். எட்டாத உயரத்தில் கூரையில் ஒரு துளை.

"நெல்லை அது வழியாத்தான் கொட்டுவாங்களா?"

"ஆமா."

"எடுக்கிறது எப்படி?"

"இந்தக் கதவு..."

"அறை நிறைய நெல் இருக்கும்போது கதவைத் திறந்தா அத்தனையும் சரிஞ்சு ஆளையே மூடிடுமே! காலி அறையைக் கூட்டத்தான் கதவு. நெல் தானா வழியணும்னா அடியில ஒரு வாய் இருக்கணும். தரையும் அதை நோக்கிச் சரியணும்!"

தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்கவைத்தாள். அது தயங்கியது. பிறகு மெல்ல உருண்டு, மூலையில் போய் முட்டியது. அங்கே சுவரின் அடியில் கற்களும் மண்ணும் அடைத்துக் கிடந்தன.

"தோண்டுங்க அண்ணே!"

"புழுதி எழும்புமே!"

ஷமீமா தங்கையைப் பார்த்தாள். இருந்தது அரை பாட்டில் தண்ணீர். தங்கைக்கு ஒரு மிடறு கொடுத்துவிட்டு, மீதி முழுவதையும் மண்ணில் ஊற்றினாள். குழுவை அழைத்துச் செல்லப் பிடித்திருந்த கொடியின் இரும்புக் கம்பியால் பெலிக்ஸ் ஈரமண்ணைக் குத்திப் பெயர்த்தார். ரஹ்மத்தின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. இன்னொரு கல்! இன்னொன்று!

சட்டென்று வெளிச்சம்! தலைகூட நுழையாத துளைதான். ஆனாலும் குளிர்ந்த காற்று உள்ளே பாய்ந்தது.

"முகத்தை இங்கே வை. மெதுவா இழு. அவசரமில்லை," என்றாள் ஷமீமா.

ரஹ்மத் மூச்சை இழுத்தாள். சிறிது நேரம் கழித்து அவள் நகர்ந்து இடம்விட, பெலிக்ஸ் கொடியை வெளியே நீட்டி ஆட்டினார்.

"என்ன பெலிக்ஸ், சுவருக்குள்ளேயா டூர்?" என்று வெளியே ஒரு குரல் கேட்டது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு திறந்தது!

குழுவில் ஒருவரிடம் இன்ஹேலர் இருந்தது. இரண்டு முறை இழுத்ததும் விசில் அடங்கியது.

"புதையல் கிடைச்சுதா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"முழுசா ஒரு மூச்சு கிடைச்சுது. பங்கு தரமாட்டேன்!" என்றாள் ரஹ்மத். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு மட்டும் பாதி" என்றாள்.