மெல்லத் தட்டுங்கள்

பெயர்ப்பலகைக் கடையில் அன்று அப்பாவுக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு தங்கும் விடுதிக்கு நாற்பது அறை எண்கள் மாலைக்குள் போயாக வேண்டும்.

பத்து வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்துகொண்டிருந்தாள். ஸ்டிக்கர் எழுத்துகளின் சுழிக்குள் ஒட்டியிருக்கும் துணுக்குகளைக் குண்டூசியால் கிள்ளி எடுப்பதில் அவள் கெட்டிக்காரி. அதனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் ‘குண்டூசி’தான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அக்கா உள்ளே வந்தார். தோளில் கைக்குழந்தை. ஒரு காலில் நீலச் செருப்பு, இன்னொரு காலில் பச்சைச் செருப்பு.

“அண்ணா, எனக்கு ஒரு பலகை வேணும். ‘குழந்தை தூங்குகிறது, மணி அடிக்காதீர்கள்’னு.”

“ஒண்ணே ஒண்ணுதானா?” அப்பா தலையைச் சொறிந்தார். “அடுத்த வாரம் வாங்களேம்மா.”

“அதுவரைக்கும் நான் தாங்க மாட்டேண்ணா. நான் தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு. இவ கண்ணை மூடினா போதும், யாராவது வந்து மணியை அமுக்கிடுறாங்க.”

எழுத்து வெட்டும் இயந்திரம் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. குழந்தையோ அசையாமல் தூங்கியது.

“இந்தச் சத்தத்துல எப்படிக்கா தூங்குறா?” என்றாள் குண்டூசி.

“அதான் எனக்கும் புரியல. பேசாம இந்த மெஷினை வாடகைக்குத் தர்றீங்களா?”

அப்பா அறை எண்களை ஓரமாகத் தள்ளிவைத்தார். அரை மணி நேரத்தில் பலகை தயார்.

பதினைந்து நாள் கழித்து அந்த அக்கா மறுபடியும் வந்தார். இம்முறை இரண்டு செருப்பும் ஒரே நிறம். ஆனால் முகம் வாடியிருந்தது.

அப்பா பயந்துவிட்டார். “எழுத்து உரிஞ்சிடுச்சாம்மா?”

“இல்லண்ணா. பலகை ரொம்ப நல்லா வேலை செய்யுது. யாருமே மணி அடிக்கிறதில்ல. கொரியர் தம்பி பொட்டலத்தை வாசல்லயே வச்சுட்டுப் போயிடுறார். எதிர்வீட்டு அக்கா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடக்குறாங்க.”

“அப்புறம் என்ன?”

“எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமாண்ணா?”

“சின்னதாக்கினா யார் கண்ணுக்கும் தெரியாதேம்மா!”

“அதுக்குத்தான்...” என்று இழுத்தார் அக்கா. “சரி, விடுங்கண்ணா.”

ஒன்றும் புரியாமல் அப்பா இயந்திரத்தின் பக்கம் போனார். ஆனால் அக்கா கிளம்பவில்லை. மேசைமேல் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் தாளைத் தொட்டுப் பார்த்தார். மூலையில் சாய்த்திருந்த ஏணி எத்தனை அடி என்று கேட்டார். குண்டூசியின் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று விசாரித்தார்.

குண்டூசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நேத்து நீங்க யார்கூடப் பேசினீங்க?”

அக்கா யோசித்தார். தோளில் இருந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்தார். “இவகூட. இவங்கப்பா வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் தூங்கிடுறேன். அப்புறம்... வேற யாரும் இல்ல.” சிரிக்கத்தான் முயன்றார். கண் கலங்கிவிட்டது.

“பலகைக்குப் பின்பக்கம் ‘குழந்தை விழித்திருக்கிறது, உள்ளே வாருங்கள்’னு எழுதிடலாமா? வேணுங்கிறப்போ திருப்பிக்கலாம்.”

“அவ முழிச்சிருந்தா எனக்குப் பேச ஏது நேரம்? பால், துணி, அழுகைன்னு போயிடும். அவ தூங்குறப்போதான் வீடு வெறிச்சுன்னு இருக்கு.”

குண்டூசி பேனாவின் முனையைக் கடித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“பலகையில குழந்தை மட்டும்தான் இருக்கு. நீங்க இல்லையேக்கா!”

துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்து வேகமாக எழுதினாள். முன்பக்கம்: ‘குழந்தை தூங்குகிறது. அம்மாவும் தூங்குகிறார். பிறகு வாருங்கள்.’ பின்பக்கம்: ‘குழந்தை தூங்குகிறது. அம்மா விழித்திருக்கிறார். மெல்லத் தட்டுங்கள்.’

அக்கா அதை இரண்டு முறை படித்தார். காகிதத்தை மார்போடு வைத்துக்கொண்டார்.

அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து தானும் படித்தார். பிறகு, “ரெண்டு பக்கம். மேல துளை போட்டுக் கயிறு கட்டணும்” என்று முணுமுணுத்தபடி வெள்ளைப் பலகை ஒன்றை உருவினார்.

சனிக்கிழமை காலை அப்பாவும் குண்டூசியும் பலகையோடு அக்காவின் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி. சுவரில் துளை போட்டால் குழந்தை எழுந்துவிடும் என்று, ஒட்டும் கொக்கி ஒன்றைக் கதவில் அழுத்தி ஒட்டினார் அப்பா. அக்கா ‘மெல்லத் தட்டுங்கள்’ பக்கம் தெரியும்படி பலகையை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இருவரும் நான்கு படிகூட இறங்கியிருக்க மாட்டார்கள். கீழேயிருந்து எதிர்வீட்டு அக்கா ஏறி வந்தார். ஒரு கையில் காய்கறிப் பை, மறுகையில் செருப்பு. பலகையைப் பார்த்ததும் நின்றார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். குண்டூசி அவர் கையை அழுத்தினாள்.

எதிர்வீட்டு அக்கா நிதானமாகப் படித்தார். செருப்பைக் கீழே வைத்தார். கலைந்திருந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். ஒற்றை விரலால் கதவைத் தட்டினார்.

டொக்.

கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்ததுபோல உடனே திறந்தார் அக்கா.

“தினமும் உன்னைப் பார்க்கணும்னு நினைப்பேன். பலகையைப் பார்த்துட்டுத் திரும்பிடுவேன்” என்று கிசுகிசுத்தார் எதிர்வீட்டு அக்கா.

“உள்ள வாங்கக்கா! அண்ணா, குண்டூசி, நீங்களும் வாங்க!”

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சே நிமிஷம்” என்றார்.

அக்கா நான்கு கோப்பைகளில் தேநீர் ஊற்றி எடுத்து வந்தார். தன் கோப்பையை எடுக்கப் போகும்போது குழந்தை சிணுங்கியது. உடனே எழுந்தார்.

“நீ உட்காரு” என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டு அக்கா போய்க் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். குழந்தை அவருடைய காதைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுகையை மறந்தது.

அக்கா மறுபடி உட்கார்ந்தார். கோப்பையிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் அதை ஏந்தி, கடைசிச் சொட்டுவரை சூடாகவே குடித்தார்.