கரிநாளில் வந்த சேதி

குடியிருப்பில் அன்று கரிநாள். செக்கச்செவேலென்ற விண்மீனான கரிமீன் தன் வழக்கப்படி புகையைக் கக்கி மங்கிக் கிடந்தது. பஞ்சாங்கம் சொன்னபடி தொலைநோக்கிகளுக்கு மூடி போட்டுவிட்டு, நாலாயிரம் பேரும் எந்த வேலையும் தொடங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சுருள் மண்டலத்தின் இந்த விளிம்பில் வாயு மெலிந்து கிடக்கிறது. விண்மீன் பிறப்பதே அபூர்வம். கரிமீனுக்கோ வயதாகிவிட்டது. அதனால் அதன் கரித்தூளையே அள்ளிப் போய், அதற்கு நேர் பின்னால் நாற்பது ஒளிநாள் தொலைவிலிருந்த மேகத்தில் தூவிக்கொண்டிருந்தது மீன்விதைப்பான் என்ற எந்திரம். தூள் கலந்தால் மேகம் குளிரும், குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் நடுவில் பற்றிக்கொள்ளும். இன்றிலிருந்து நாற்பத்தோராம் நாள் பற்ற வேண்டும்.

விதைத்தவள் செங்கமலம். பிறக்கப்போகும் மீனைப் பார்க்கும் ஆசை அவளை விடவில்லை. யாருக்கும் தெரியாமல் மூடியைத் திறந்தாள்.

கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் இல்லாததால் மேகம் முதல்முறையாகத் துலக்கமாகத் தெரிந்தது. அதற்குள் ஒரு புள்ளி விட்டுவிட்டு மின்னியது. ஒளிச்சேதி! உள்ளங்கைக் கருவி அதை எழுத்தாக்கியது.

"செங்கமலம், அல்லி பேசறேன். நாங்க இருநூறு பேரும் மேகத்துக்குள்ள நல்லா இருக்கோம். மத்த நாள்ல உங்க மீன் வெளிச்சத்துல எங்க விளக்கு தெரியாது. அதான் முப்பது வருசமா கரிநாள்ல வந்து சேர்ற மாதிரி பாத்து அனுப்பறேன். ஏன்டி பதிலே இல்ல?"

காணாமற்போன கப்பலில் போன அக்கா. செத்துவிட்டாள் என்று அழுது தீர்த்த அக்கா. அவள் இருக்கும் மேகம்தான் பற்றப்போகிறது; விதைப்பானை உடனே நிறுத்த வேண்டும்.

நிறுத்தும் ஆணைக்குக் குடியிருப்புத் தலைவர் சாத்தையாவின் கைரேகையும் வேண்டும். ஓடினாள்.

"ஐயா, இப்பவே அனுப்பினாத்தான் நாப்பதாம் நாள் போய்ச் சேரும். எங்கக்கா உள்ள இருக்கா!"

சாத்தையா சேதியை இருமுறை படித்தார். ஆனாலும் பஞ்சாங்கத்தைத்தான் புரட்டினார்.

"இன்னிக்கு எதையும் தொடங்கக் கூடாதும்மா."

"இது நிறுத்தறது ஐயா!"

"நிறுத்தறதும் ஒரு காரியந்தானே? கரிநாள்ல செஞ்சா விளங்காது. நாளைக்கு முதல் வேலையா அனுப்பிடலாம்."

"நாளைக்கு அனுப்பினா அது போய்ச் சேர்றப்ப எரிஞ்சுக்கிட்டிருக்கும்!"

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செங்கமலத்தின் உள்ளங்கைக் கருவியில் சேதியின் கடைசி வரிகள் அப்போதுதான் வந்து முடிந்தன.

"இங்க மேகம் சுருங்குதுடி. எங்களுக்கும் ஒரு மீன் பொறக்கப்போகுது. கொடுத்துவச்சவங்க நாங்க! நல்ல நாளாப் பாத்துச் சொல்லு, பேர் வைக்கணும்."