சதுப்பு காத்த கை

"பலகை மேலயே காலை வை. பச்சையா இருக்குன்னு பாசியில மிதிச்சே, ஆளே போயிருவே" என்று எச்சரித்தபடி முன்னால் நடந்தாள் யமுனா.

தம்பி தருமனும் மாமன் மகன் பெள்ளியும் கயிறும் மூங்கிலுமாய்ப் பின்தொடர்ந்தார்கள். நீலகிரி உச்சியின் அந்தச் சதுப்பில் அவர்கள் தேடியது அப்பாவை. தருமன் தொட்டிலில் கிடந்தபோது எருமை தேடி இந்தப் பக்கம் போனவர் திரும்பவில்லை. எவளோடோ ஓடிவிட்டார் என்று ஊர் வாய் கூசாமல் பேசியது. இப்போது அம்மா படுத்த படுக்கை. 'அவர் ஓடலை. அந்த முகத்தை ஒரு தடவை காட்டுங்க' என்பது மட்டுமே அவள் கேட்டது.

"இத்தனை வருஷம் கழிச்சு முகம் எங்கே இருக்கும்?" என்றான் பெள்ளி.

"இருக்கும்" என்றாள் மண் ஆய்வு படித்த யமுனா. "இது புளிச்ச சேறு. உள்ளே காத்தும் கிடையாது. அழுக வைக்கிற கிருமி இதுல பிழைக்காது. எலும்பு கரைஞ்சாலும் தோல், முகம் எல்லாம் ஊறுகாய் மாதிரி அப்படியே கிடக்கும்."

எருமைகள் இறங்கும் ஓரத்தை நெருங்கியதும் பலகை சரிந்தது. தருமன் இடுப்புவரை புதைந்தான்! பெள்ளி கயிற்றை வீசினான். அவனும் யமுனாவும் மல்லாந்து விழுந்து இழுத்தார்கள். வெளியே வந்தவன் மேல் அழுகல் வாடை அடித்தது.

நாறக் கூடாதே! யமுனா சோதனைத் தாளைச் சேற்றில் நனைத்தாள். புளிப்பு பட்டால் சிவக்க வேண்டிய தாள் சிவக்கவே இல்லை. நிமிர்ந்தாள். மேட்டில் தருமனின் கேரட் தோட்டம். அங்கிருந்து ஒரு வாய்க்கால் நேராக இங்கே இறங்கியது.

"சுண்ணாம்பு போட்டியா?"

"மண்ணோட புளிப்பு போகணும்னு எல்லாரும் போடுறதுதானே அக்கா. வருஷா வருஷம் மூட்டை மூட்டையாப் போடுறேன். தண்ணி நின்னா கேரட் அழுகிரும்னு வாய்க்காலும் வெட்டி விட்டேன்."

"அந்தத் தண்ணி இதோட புளிப்பை எடுத்திருச்சுடா. இப்போ சேறே மக்குது."

தருமன் குப்புறப் படுத்து, வெறி பிடித்தவனாய்ச் சேற்றைத் துழாவினான். கம்பளி நூல் சிக்கியது. பிறகு வெறும் கூழ். அதற்கும் கீழே, சுண்ணாம்பு எட்டாத ஆழத்தில், ஒரு கை. பதனிட்ட தோலாய்க் கறுத்து, நகம்கூடச் சிதையாமல், எருமையின் தோல்வாரை இறுகப் பற்றியிருந்தது. மூழ்கிய எருமை இழுத்த இழுப்பில் கை மட்டும் ஆழத்துக்குப் போயிருக்கிறது. முழங்கைக்கு மேலே ஒன்றும் இல்லை.

வென்றுதான் திரும்பினார்கள். பேசிய ஊர் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டது. அம்மா அந்தக் கையில், அவருக்குப் பிறவியிலேயே வளைந்திருந்த சுண்டுவிரலைத் தடவினாள்.

"ஓடலை" என்றாள். பிறகு மகனைப் பார்த்தாள். "முகம் எங்கேடா?"

தருமன் மறுநாள் தானே மண் போட்டு வாய்க்காலை மூடினான். நம் மண்ணில் போடுவது நம் மண்ணோடு நின்றுவிடாது என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

அடுத்த மழையில், வடிய வழியில்லாமல் தோட்டத்தில் தண்ணீர் தேங்கியது. கேரட் முழுக்க அழுகியது. அவன் வாய்க்காலைத் திறக்கவும் இல்லை, ஒன்றைக்கூடப் பிடுங்கவும் இல்லை.