ஏற்றினாளா, இறக்கினாளா?

ஓட்டோவை ஒழுங்கையில் நிறுத்திவிட்டு நிலாந்தினி உள்ளே வந்தபோது, கேதீஸ்வரி கதிரையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நீதிமன்றப் பதிவாளராக இருந்து இளைப்பாறியவர். தீவுப்பக்கத்தில் யாருக்காவது அவிழாத சிக்கல் என்றால் வேலணையில் உள்ள அந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். அவருடைய தமையன் மகன் வாகீசன், படம் பிடிக்கும் கடை வைத்திருப்பவன், புதுச் சிக்கல் ஒன்று வந்த சந்தோசத்தை மறைக்கத் தெரியாமல் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டான்.

"நாளைக்கு விசாரணை, அக்கா. மன்னிப்புக் கேட்டால் விடுவினமாம். நான் கேட்கமாட்டன்," என்றாள் நிலாந்தினி.

விசயம் இதுதான். நயினாதீவுக்குப் படகு போகும் குறிகட்டுவான் துறையடியில் ஒரு பலகை நிற்கிறது. வெளியிடத்து ஓட்டோக்கள் அங்கே ஆட்களை இறக்கலாம், ஏற்றக்கூடாது. நிலாந்தினியின் அனுமதி சாட்டிக் கடற்கரைத் தரிப்பிடத்துக்கு உரியது. சாட்டியில் அப்படி ஒரு பலகையும் இல்லை. துறையடிக்காரர் தாராளமாக வந்து அங்கே ஆள் ஏற்றிப் போவார்கள். அவள் மட்டும் துறையடியிலிருந்து வெறும் ஓட்டோவோடு திரும்ப வேண்டும். இப்போது, நயினாதீவுப் படகில் வந்த இரண்டு பெண்களை அவள் களவாக ஏற்றினாள் என்று றஜீபன் என்ற துறையடிச் சாரதி முறையிட்டிருந்தான். நிரூபணமானால் அவளுடைய அனுமதியே போய்விடும். அந்தப் பெண்களோ விடுமுறைக்கு வந்தவர்கள். மறுநாளே கனடாவுக்குப் பறந்துவிட்டார்கள்.

றஜீபன் கொடுத்திருந்த படத்தை அவள் தொலைபேசியில் காட்டினாள். பின்னால் கடல், படகு. சாரதி இருக்கையில் அவளேதான். பட்டுச்சேலை கட்டிய பெண் ஒருத்தியின் ஒரு கால் ஓட்டோவுக்குள், மறுகால் தரையில். கையில் ஓலைப்பெட்டி. அதில் குடுமியோடு தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பிரிக்காத கற்பூரப் பொட்டலம்.

வாகீசன் படத்தைத் தன் கணினியில் பெருப்பித்து, நிழல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தான். யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்பது அவனுடைய கட்சி. கடைசியில் தோற்றுப்போன முகத்தோடு நிமிர்ந்தான்.

"படம் பொய் சொல்லேல்லை, வாகீசன்," என்றார் கேதீஸ்வரி. "படத்துக்குச் சொன்ன கதையைத்தான் பார்க்கவேணும். நிலாந்தினி, றஜீபன் சொன்னதை அப்பிடியே சொல்லும்."

அவளுக்கு அது மனப்பாடம். "நான் வரிசையின்ர கடைசியில நிண்டனான். படகால இறங்கின ரெண்டு பேரும் சாட்டிக்குப் போகவெண்டு அவளின்ர ஓட்டோவில ஏறினவை."

"அவையை நீர் எங்க ஏத்தினனீர்?"

"சாட்டியில. கடலைப் பார்க்க வந்தவை, நயினாதீவு அம்மனையும் கும்பிடுவம் எண்டு வெளிக்கிட்டவை."

இலை ஆய்ந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு பழையபடி ஆயத் தொடங்கியது.

மறுநாள் விசாரணை மண்டபத்தில் ஓட்டோ அனுமதி அலுவலர் அரியநாயகத்துக்கு முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். துறையடிச் சாரதிகளின் தலைவர் பாலசிங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். றஜீபன் தன் கதையைச் சொல் பிசகாமல் திரும்பச் சொன்னான். நிலாந்தினி தலையைக் குனியவில்லை.

கேதீஸ்வரி அனுமதி கேட்டு எழுந்து, படத்தை மேசையில் வைத்தார்.

"ஐயா, கோயிலுக்குப் போட்டு வாற ஆளின்ர பெட்டியில தேங்காய் எப்பிடி இருக்கும்?"

"உடைச்ச பாதி இருக்கும்," என்றார் அரியநாயகம். சொன்ன பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தார்.

"இது முழுசா இருக்கு. கற்பூரமும் பிரிக்கேல்லை. அர்ச்சனை இன்னும் நடக்கேல்லை. ஆகவே இவை படகுக்குப் போற ஆக்கள். இந்தப் பிள்ளை ஏத்தேல்லை, இறக்கிறா."

தான் தூரத்தில் நின்றதால் மாறி விளங்கிவிட்டது என்று றஜீபன் அவசரமாகச் சொன்னான்.

"சரி. மாறித்தான் விளங்கினது எண்டு வைப்பம். சாட்டி எண்ட பேர் எங்கால வந்தது?"

கேதீஸ்வரி அவன் பக்கம் திரும்பினார்.

"அவை துறையடியில இறங்கிப் படகுக்குப் போன ஆக்கள். 'சாட்டிக்கு விடு' எண்டு அங்க ஒருத்தரும் சொல்லியிருக்க ஏலாது. ஓட்டோ சாட்டியின்ரதா இருந்தாலும், ஏறுற ஆக்கள் எங்கயும் போகலாம். சாட்டி தெரிஞ்சது, அவை சாட்டியில ஏறினதைக் கண்ட ஆளுக்கு மட்டும்தான். தம்பி, அண்டைக்குக் காலமை நீர் சாட்டியிலதான் ஆள் பிடிக்க நிண்டனீர், என்ன?"

றஜீபன் பாலசிங்கத்தைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு எல்லாம் வெளியே வந்தது. அந்தப் பெண்கள் முதலில் அவனிடம்தான் கேட்டிருக்கிறார்கள். பெண் ஓட்டுகிற ஓட்டோவைக் கண்டதும் அதற்கு மாறிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் துறையடி வரைக்கும் பின்னால் வந்து படம் பிடித்திருக்கிறான்.

அரியநாயகம் அவனைக் கடுமையாக ஏசினார். குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டதாகச் சொல்லி, இனியும் விதிப்படி நடக்கும்படி நிலாந்தினிக்குப் புத்தி சொன்னார்.

வாகீசன் கைதட்டாத குறை. நிலாந்தினி மட்டும் எழும்பவில்லை.

"இறக்கினபடியாலதான் ஐயா என்னை விடுறியள். ஏத்தியிருந்தால் நான் கள்ளி. அவர் என்ர இடத்தில ஏத்தலாம், நான் அவற்ர இடத்தில ஏத்தேலாது. இது என்ன சட்டம்? நாளைக்கு முதல் படகுக்கு நான் அங்க ஆள் ஏத்துவன். இப்பவே சொல்லிப்போட்டன்."

வெளியே வந்ததும் வாகீசன் பதறினான். வென்ற வழக்கை ஏன் குழப்புகிறாள் என்று மாமியிடம் முறையிட்டான். கேதீஸ்வரியோ, நயினாதீவுக்கு இன்றைக்குக் கடைசிப் படகு எப்போது என்று அவனைக் கேட்டார்.

விடிந்ததும் நிலாந்தினி பலகையைத் தாண்டிப் போய்த் துறையடியில் ஓட்டோவை நிறுத்தினாள். பாலசிங்கமும் ஆட்களும் சுற்றி வந்து நின்றார்கள். நயினாதீவிலிருந்து முதல் படகு வந்து அணைந்தது. நெற்றியில் குங்குமத்தோடு இறங்கிய கேதீஸ்வரி நேரே வந்து பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.

துறையடிப் பரிசோதகர் ஓடிவந்தார். ஆளை இறக்கச் சொன்னார்.

"இறக்கமாட்டன். ஏத்தினனான்தான். வழக்கு எழுதுங்கோ," என்றாள் நிலாந்தினி.

அவர் கேதீஸ்வரியைப் பார்த்தார். அவரும் ஓமென்று தலையாட்டினார். வேறு வழியில்லாமல் பரிசோதகர் எழுதினார். அவர் எழுதுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்ற பாலசிங்கம், தன்னையும் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு தரிப்பிடத்தில் இப்படித்தான் வெறுமையாகத் திருப்பி அனுப்பினார்கள் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ஓட்டோவுக்கு முன்னாலிருந்து விலகினார்.

நிலாந்தினி ஓட்டோவை எடுத்தாள். கடற்காற்று உள்ளே அடித்தது.

"வழக்கு எழுதிப்போட்டினம், அக்கா. இனி என்ன?"

"நேற்று விசாரிச்சது உம்மைத்தான்," என்றார் கேதீஸ்வரி. "இனி நீதிமன்றத்தில அந்தச் சட்டத்தை விசாரிப்பம். விடும், கெதியா."