இரண்டு கிலோ சர்க்கரை

காலை 6.50. கதவுக்கடியில் சீட்டு கிடந்தது; வீடு மாற மாறத் தொடர்ந்து வந்ததில் இது நாலாவது. கம்ப்யூட்டரில் அடித்த எழுத்து.

'ரெண்டு கிலோ சர்க்கரை எதுக்கு? யாரு வரப்போறா?'

துளசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் விமல்ராஜை விட்டுப் பிரிந்து ஏழு மாதம். சிம் கார்டை மாற்றினாள், மூன்று வீடு மாறினாள். அவன் பின்தொடரக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் பாதுகாப்பு ஆணையும் போட்டிருந்தது. பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு வந்து பத்தே நாள். அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டானே, பாவி!

9.15. மகளிர் காவல் நிலையம். சப்-இன்ஸ்பெக்டர் பெரியநாயகிக்கு நாற்காலி ஆகாது. நடந்துகொண்டேதான் விமல்ராஜை விசாரித்தார்.

"சீட்டு?"

"எனக்குத் தெரியாது மேடம்."

"நேத்து அவ தெருவுல நின்னியே?"

"கோயிலுக்குப் போற வழி. எதிர்ல வந்தா கண்ணை மூடிக்கினா போவாங்க? ஒரு அடி அடிச்சிருக்கேனா, கேளுங்க!"

அடிக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். விரட்டி விரட்டி வாசலில் நிற்பதும் குடும்ப வன்முறைதான். ஆணையை மீறினால் ஜெயில். ஆனால் தற்செயலாகப் பார்த்தேன் என்று அவன் சாதித்துவிட்டால் அந்த ஆணை வெறும் காகிதம். விலாசம் அவனுக்கு எப்படிப் போகிறது? அதைக் கண்டுபிடிக்காத வரை துளசிக்குத் தூக்கமில்லை.

அவனை அனுப்பிவிட்டு துளசியைக் கூப்பிட்டார்.

"யார் மேல சந்தேகம்?"

"சுகாசினி மேலதான் மேடம். என்கூட வேலை செய்றவ. மூணு வூட்டையும் பார்த்துக் குடுத்ததே அவதான். காலையிலேயே அவ வாசல்ல நின்னு துரோகின்னு கத்திட்டு வந்துட்டேன்." சுகாசினிதான் இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள்.

11.00. சுகாசினி தறிக்கு நூல் சுற்றும் ராட்டினத்தை நிறுத்தவேயில்லை. கண் சிவந்திருந்தது.

"துளசி ரெண்டு கிலோ சர்க்கரை வாங்கினாளா?" என்று கேட்டார் பெரியநாயகி.

"ஆமா. எனக்கு இன்னும் கார்டு வரல. அதனால ரேஷன் கடை வாசல்லயே ஒரு கிலோவை எங்கிட்டக் குடுத்துட்டா. அவ வூட்டுக்குப் போனது ஒண்ணுதான்."

பெரியநாயகியின் நடை சட்டென்று நின்றது.

ஸ்டேஷனுக்குத் திரும்பி நாலு சீட்டையும் மேசையில் பரப்பினார். அரிசி. பருப்பு. பாமாயில். சர்க்கரை.

"மீன் வாங்குவியா துளசி?"

"ஞாயித்துக்கிழமை வாங்குவேன் மேடம்."

"கீரை, முட்டை?"

"தெனமும்."

"ரேஷன் கார்டை எடுத்துக்கோ. நாளைக்கு ஒரு இடத்துக்குப் போறோம். சுவருகிட்டகூட மூச்சு விடாதே."

மறுநாள் 10.30. திருப்பருத்திக்குன்றம். துளசிக்கு அங்கே ஒரு ஈ காக்கையைத் தெரியாது. எந்த ரேஷன் கடையிலும் கார்டு செல்லும் என்பதால், அங்கிருந்த கடையில் கைரேகை வைத்து பாமாயில் ஒரு பாக்கெட் வாங்கினாள். பெரியநாயகி மஃப்டியில், பக்கத்து டீக்கடை ஓரமாக உலாத்தினார்.

12.10. பைக் வந்து நின்றது. விமல்ராஜ் வரிசையில் நின்ற ஒவ்வொரு முகமாகத் தேடினான்.

"இது எந்தக் கோயிலுக்குப் போற வழிப்பா? போனைக் குடு."

அவன் போனை நீட்டினான். திரையில் காலை 10.34 மணிக்கு வந்த மெசேஜ்: கடை எண், பாமாயில் ஒன்று.

"யாரும் காட்டிக் குடுக்கலமா," என்றார் பெரியநாயகி. "கூட இருக்கிறவங்க சொல்லியிருந்தா மீனும் கீரையும் சீட்டுல வந்திருக்கும். சர்க்கரையும் ஒரு கிலோன்னு இருந்திருக்கும். ரெண்டு கிலோன்னு பில்லுக்கும் சுகாசினிக்கும்தான் தெரியும்; அவ சொல்லியிருந்தா அதுல ஒண்ணு தனக்குன்னும் சொல்லியிருப்பா. கார்டுல பதிஞ்சது இவன் நம்பர். நீ சாமான் வாங்கினா எந்தக் கடைன்னு இவனுக்கு மெசேஜ் போவும். அடுத்த தடவை இவன் அங்க வந்து காத்திருந்து, பின்னாடியே வூடு வரைக்கும் வருவான்."

"ஐயோ! சிம்மை மாத்தினேன், இதை மாத்தணும்னு தோணலையே! இப்பவே மாத்திடலாம் மேடம்."

"மாத்தலாம். மொதல்ல இவன் போன் கோர்ட்டுக்குப் போகட்டும். தற்செயல்னு இனிமே வாயைத் தொறக்க முடியாது."

விமல்ராஜை ஜீப்பில் ஏற்றினார்கள். துளசி நகரவில்லை.

"சுகாசினி மூஞ்சில எப்படி மேடம் முழிப்பேன்?"

"அதுக்குச் சட்டத்துல பிரிவு இல்லமா. நீதான் போவணும்."

போனாள். சுகாசினி முகம் கொடுக்கவில்லை.

"தெருவே வேடிக்கை பார்த்துதுடி. என்னைப் போய் துரோகின்னியே."

"தப்புதான். அவனுக்குப் பயந்து பயந்து உன்னைக்கூட நம்பல." துளசி ஓவென்று அழுதாள்.

"இப்ப பேசற மாதிரி இல்ல. போ."

"போறேன். நாளைக்கு வருவேன், நாளான்னிக்கும் வருவேன். இனிமே நான் வூடு மாத்தப் போறதில்ல."