செத்தவனுக்குக் கண் திறந்தவர்

தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கியபோது மோகனசுந்தரத்தின் வாயில் இரத்தம் கரித்தது. துப்பிப் பார்த்தார். வெறும் எச்சில்தான்.

1976 தை மாதம். பின்னேரம் ஐந்து மணிக்கே இந்தக் குளிர் நாட்டின் பார்க்டேல் பகுதி இருட்டிவிட்டது. முதலாளி போய்விட்டான். ஸ்டூடியோவின் பின்னறையில், ஹீட்டரின் முனகலுக்கும் படம் கழுவும் மருந்துத் தண்ணீரின் புளித்த வாடைக்கும் நடுவே, அவர் நூறு வருசப் பழைய படம் ஒன்றோடு தனியே இருந்தார். அமெரிக்காவின் மேற்கே ஏதோ ஒரு புழுதி ஊர். சுடப்பட்ட கொள்ளைக்காரனைச் சவப்பெட்டியோடு நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் ஊர்க்காவல் தலைவனான ஷெரிப்பும் இரண்டு கையாட்களும் துவக்கோடு விறைத்து நிற்கிறார்கள். நித்திரையில் கிடந்தவனை முதுகில் சுட்டதாம். படத்தைக் கொண்டுவந்த ஷெரிப்பின் பேரனே சிரித்துச் சிரித்துச் சொன்னான். தூ, இவர்களும் ஒரு வீரர்கள்! கீறல்களை மட்டும் அழித்தால் போதுமாம், கூடத்தில் மாட்டப்போகிறானாம்.

மோகனசுந்தரத்தின் கை சும்மா இருக்குமா? யாழ்ப்பாணத்தில் இருபது வருசம் பிரேதப் படங்களுக்குக் கண் வரைந்த கை. மூடிய கண்ணோடு எந்த வீட்டில் படம் மாட்டுவார்கள்? இந்த மடையர்களுக்கு என்ன தெரியும்? செத்தவனின் இமைகள்மேல் இரண்டு கண்களை வரைந்துவிட்டார்.

தொலைபேசியில் மனைவி வசுமதி.

"இன்னும் முடியேல்லையோ?"

"வாறன். உந்தச் செத்தவனுக்குக் கண் திறந்தனான், அதுதான் சுணங்கிப்போச்சு."

"அவை கேட்டவையோ?"

"கேக்காட்டி என்ன? தன்னைச் சுட்ட நாயளை அவனும் ஒருக்காப் பாக்கட்டன்."

"உங்கட கண்ணும் கையும்தானப்பா எங்களுக்குச் சோறு போடுது. வேண்டாத வேலை பாக்காதேங்கோ."

சிரித்தபடி திரும்பினார். நேரே பார்க்கத்தான் அந்தக் கண்களை வரைந்திருந்தார். இப்போது அவை ஷெரிப்பின் பக்கம் ஒதுங்கியிருந்தன. ஷெரிப்பின் கண்கள் மூடியிருந்தன.

விளக்கைக் கிட்ட இழுத்தார். எங்கிருந்தோ வெடிமருந்து நாற்றம் வந்தது, அதோடு குதிரை வியர்வையும். முதுகுப் பக்கம், பலகைத் தரையில், ஒரு சப்பாத்து மெல்ல ஊன்றியது. படத்தில் இடப்பக்கக் கையாளின் கண் மூடியது. வலப்பக்கத்தான். மூவரும்.

சவப்பெட்டி காலி.

அழித்துவிட வேண்டும். உடனே. தூரிகையைத் தேடினார். மேசையில் இல்லை. கண் எரிந்தது. ஒருதரம் இமைத்தார்.

இமை திறக்கவில்லை. விரலால் பிரித்தார். பிரிக்க இடமில்லை. தோல். வெறும் தோல்.

"வசு..."

காதருகே யாரோ தூரிகையை நாக்கில் வைத்துக் கூராக்கும் சத்தம். பிறகு ஈரமான நுனி அவருடைய வலது கண்குழியில் பட்டு, எந்த இடத்தில் தொடங்கலாம் என்று நிதானமாகத் தேடியது.