கொம்பு வைத்த எழுத்து

அன்று சாயங்காலம் சிட்டுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருக்காதா பின்னே? அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பஸ் அத்தை தேர்தலில் நின்றிருந்தார். வார்டு உறுப்பினர் யார் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

பஸ் அத்தை சொந்த அத்தை இல்லை. பஸ் ஓட்டுகிறவர், அதனால் பஸ் அத்தை. கீழ்வீட்டில் சிட்டுவும் தையல்கார அப்பாவும். மாடியில் ஓர் அறையில் அத்தை, பக்கத்து அறையில் ஹோட்டலில் சமைக்கும் மாஸ்டர் மாமா. எல்லோருக்கும் அடுப்பு ஒன்றுதான். யார் பாத்திரம் கழுவுவது என்ற சண்டையும் ஒன்றுதான்.

அத்தை ஏன் தேர்தலில் நின்றார் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்துக்குக் கூரை கிடையாது. மழை வந்தால் பிள்ளைகள் பையோடு தொப்பலாக நனைவார்கள். அத்தை போய்க் கேட்டுப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்படியா சங்கதி? அப்போ நானே நிக்கறேன்!" என்று கிளம்பிவிட்டார். "இத்தனை வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்தவ, இப்பதான் முதல் தடவையா நிக்கறேன்டி சிட்டு" என்று சிரிப்பு வேறு.

அடேயப்பா, என்ன மனுஷி! பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த கையோடு, வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வீடு வீடாக ஏறி இறங்கினார். கதவை முகத்தில் அடித்துச் சாத்தியவர் வீட்டுக்கு மறுநாளும் போனார். நாய் துரத்திய தெருவுக்கு அடுத்த முறை பிஸ்கட்டோடு போனார். "அந்த நாய்க்கு மட்டும் ஓட்டு இருந்தா, அது உங்களுக்குத்தான்" என்று மாஸ்டர் மாமா கேலி செய்வார்.

ஆனால் முந்தின நாள் அத்தை மாடிப்படியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தோத்துட்டா மூஞ்சியை எங்க வச்சுக்கறது சிட்டு? அப்புறம் இந்தத் தேர்தல் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"நீங்கதான் ஜெயிக்கப் போறீங்க!" என்றாள் சிட்டு. அதோடு விட்டாளா? அப்பாவை நச்சரித்துச் சிவப்புத் துணியில் எழுத்து எழுத்தாக வெட்ட வைத்தாள். அவற்றை ஒரு வெள்ளைத் துணியில் ஊசி குத்திக் கூடத்துச் சுவரில் கட்டிவிட்டாள்.

எங்கள் அத்தை வென்றார்!

மாஸ்டர் மாமா பெரிய கேக் செய்தார். சிட்டுவின் தோழி ஸ்பீக்கரும் வந்துவிட்டாள். அவள் ரகசியம் சொன்னால் தெருமுனை வரை கேட்கும், அதனால் அந்தப் பெயர். அத்தை ஓட்டு எண்ணும் இடத்துக்குப் போயிருந்தார். நால்வரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

செய்தி வந்தது. ஜெயித்தவர் மரக்கடைக்காரர். அத்தை இரண்டாவது இடம்.

ஸ்பீக்கரின் வாயிலிருந்தே சத்தம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா தடாலென்று எழுந்தார். "முதல்ல அந்தத் துணியைக் கழட்டுங்க! அவங்க வந்துடுவாங்க!"

"கேக்கை எங்க ஒளிக்கறது? கட்டிலுக்கு அடியிலயா?" மாஸ்டர் மாமா கேக்கோடு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"விளக்கை அணைச்சுட்டுத் தூங்கற மாதிரி நடிப்போம். அவங்க பாட்டுக்கு மாடிக்குப் போயிடுவாங்க" என்றார் அப்பா.

"நான் வேணா குறட்டை விடட்டுமா?" என்று ஸ்பீக்கர் ஒரு தடவை விட்டும் காட்டினாள். ஜன்னல் அதிர்ந்தது.

சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டில் தனியாகப் படியேறிப் போகும் அத்தையை நினைத்துப் பார்த்தாள். அப்படிப் போனால் அத்தை இனிமேல் நிற்கவே மாட்டார்.

"அத்தை என்ன திருடிட்டா வர்றாங்க? நாம எதுக்கு ஒளியணும்?" என்று கேட்டாள்.

"அதானே!" மாஸ்டர் மாமாவுக்கும் ரோஷம் வந்தது. "ஜெயிச்சவங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"ஆமா மாமா" என்றாள் ஸ்பீக்கர் சுவரைக் காட்டி. "'வென்றார்'ல முதல்லயே கொம்பு இருக்கே!"

சிட்டு சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரே தாவில் நாற்காலி மேல் ஏறினாள்.

"அப்பா! எனக்கு ஒரு எழுத்து வேணும். உடனே! 'நி'!"

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தார். ஆனால் சிவப்புத் துணி ஒரு துண்டுகூட மிச்சமில்லை. எல்லோருடைய பார்வையும் மாஸ்டர் மாமா சமைக்கும்போது கட்டிக்கொள்ளும் ஏப்ரன் மேல் போனது. பளபளக்கும் புத்தம் புதுச் சிவப்பு ஏப்ரன். அதை யாரும் தொட்டால்கூட அவருக்குப் பிடிக்காது.

மாமா கேக்கைக் கீழே வைத்துவிட்டு அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"வெட்டுங்க. எனக்குப் பார்க்கத் தைரியமில்ல." கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

வாசலில் கேட் கிறீச்சிட்டது. சிட்டு கடைசி ஊசியைக் குத்திவிட்டுக் குதித்தாள்.

அத்தை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் உள்ளே வந்தார். யார் கண்ணிலும் படாமல் மாடிக்குப் போய்விடலாம் என்று நினைத்திருப்பார், பாவம். கூடம் முழுக்க விளக்கு எரிவதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மெல்ல நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

எங்கள் அத்தை நின்றார்!

"என்ன சிட்டு, எழுத்துப் பிழையா?" என்று கேட்டார். குரல் கரகரத்தது.

"இல்ல அத்தை. முதல்ல எழுதினதுதான் பிழை. இப்பத் திருத்திட்டோம்."

அத்தை அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மழையில நாங்க நனைஞ்சதை எல்லாரும்தான் பார்த்தாங்க" என்றாள் சிட்டு. "ஆனா எங்களுக்காக நின்னது நீங்க மட்டும்தானே!"

அத்தையின் கையிலிருந்த செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. சிட்டுவை வாரி அணைத்துக்கொண்டு தேம்பி அழுதார். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது, மாஸ்டர் மாமாவின் ஏப்ரனில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டார் அல்லவா!

பிறகென்ன? கேக் வெட்டினார்கள். "அத்தைக்கு ஒரு ஓ போடு!" என்று ஸ்பீக்கர் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். கதவை முகத்தில் அடித்துச் சாத்தியவர்கூட வந்து, "என் ஓட்டு உங்களுக்குத்தாம்மா போட்டேன்" என்று வழிந்துகொண்டே கேக் வாங்கிக்கொண்டார்.

வந்தவர்கள் எல்லோரும் போன பின் அத்தை மறுபடியும் அந்தத் துணி முன்னால் போய் நின்றார்.

"சிட்டு, இங்கே இருந்த 'வெ' எங்கே?"

சிட்டு சட்டைப் பையிலிருந்து கசங்கிய துணியை எடுத்தாள். கொம்பு ஒரு துண்டு, 'வ' ஒரு துண்டு.

அத்தை இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீவி, மடித்து, சிட்டுவின் பைக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

"தொலைச்சுடாதேடி. அடுத்த தேர்தலுக்கு வேணும்."